ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிச் சம்பளப் பிடித்தத்துக்குக் கையெழுத்து கேட்கிறார்கள், நாளை மீட்டிங். கனடாவில் இருப்பவர்கள் உதவுங்கள்

கோவைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன். கனடாவில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். நேற்று மாலை மேனேஜர் வீடியோ காலில் அழைத்து ஒரு ரிப்போர்ட்டைத் திறந்தார். என் லேப்டாப்பில் ஏதோ சாஃப்ட்வேர் இருந்திருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு படத்தில் என் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது. அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், அண்ணனிடம் பணம் கேட்டு நான் எழுதியது, எல்லாம் அப்படியே தெரிகிறது. அதைப் பெரிதாக்கிக் காட்டி, வேலை நேரத்தில் இதுதான் செய்கிறாயா என்று கேட்டார். எச்ஆரில் இருந்து இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சே வரவில்லை.

'ஐடில்', அதாவது வேலை செய்யாமல் சும்மா இருந்தேன் என்று சிவப்பில் போட்ட நேரத்தையெல்லாம் கூட்டி, அதற்கான சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். நாளை மதியம் மீட்டிங். அதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் மேல் நடவடிக்கையாம். இப்படி நம் திரையைப் பார்க்க இவர்களுக்கு உரிமை உண்டா? வேலை போனால் விசாவும் போய்விடுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. யாராவது பதில் போடுங்கள்.

மிசிசாகா மதுரை:

பதறாதீர்கள் சகோதரி, இங்கே வந்த எல்லோரும் இதைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். நான் வந்த வருடம் ஜனவரியில் இறங்கினேன். முதல் வேலை ஒரு கால் சென்டர். சூப்பர்வைசர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். பாத்ரூம் போனால்கூட ஒரு பட்டனை அழுத்திவிட்டுப் போக வேண்டும், எத்தனை நிமிடம் என்று பெரிய போர்டில் எல்லோருக்கும் தெரியும். இரவு ஷிஃப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறி பேஸ்மென்ட் வீட்டுக்கு வந்தால் ஹீட்டர் வேலை செய்யாது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டதால்தான் இன்று ஒரு நிலைக்கு வந்திருக்கிறேன். கனடா அனுபவம் என்ற ஒன்று கையில் இல்லாமல் அடுத்த வேலை கிடைப்பது கஷ்டம். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் தலை குனிந்து வேலை பாருங்கள். அப்புறம் வேறு இடம் தேடலாம்.

பருத்தித்துறை:

தங்கச்சி, தயவுசெய்து கையெழுத்து வைக்க வேண்டாம். மேலே எழுதிய தம்பி நல்ல மனத்தோடுதான் சொல்கிறார், ஆனால் அது பிழையான புத்திமதி. நாங்கள் சண்டைக்குள் இருந்து தப்பி ஸ்காபரோவுக்கு வந்து தொழிற்சாலையில் நின்ற காலத்தில் ஆங்கிலம் சரியாகத் தெரியாது. ஃபோர்மன் நீட்டிய தாளெல்லாம் ஒப்பமிட்டோம். மூன்று நிமிடம் பிந்தி வேலை நேரக் காட் அடித்தால் கால் மணித்தியாலக் காசை வெட்டுவார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு யூனியன் வந்தது. அதன் ஆள் ஒருவர் எங்களைக் கன்டீனில் இருத்தி ஒவ்வொரு தாளாக வாசித்து விளங்கப்படுத்தினார். அன்றைக்குத்தான் எங்கள் சம்பளம் எங்களுடைய காசு என்பதே விளங்கியது. உங்கள் இடத்தில் யூனியன் இருக்கிறதா? அதைச் சொல்லவில்லையே.

டொராண்டோ டெவலப்பர்:

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கிச் சொருகிவிட்டால் ஐடில் என்ற பேச்சே வராது. என் டீமில் பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள்.

வான்கூவர் வாசி:

தம்பி, தயவுசெய்து இந்த யோசனையைச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-ல் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கியது. காரணம், கீபோர்டில் வேலை செய்வதுபோலப் பொய்யாகக் காட்டினார்கள் என்பதுதான். இப்போது இவர் மேல் இருப்பது சும்மா இருந்தார் என்ற புகார். கருவியைச் சொருகினால் அது ஏமாற்றினார் என்று மாறிவிடும், அதிலிருந்து மீள்வது கடினம்.

எங்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு கணக்காளர், தன்னை அநியாயமாக நீக்கிவிட்டார்கள் என்று கம்பெனி மேல் வழக்குப் போட்டார். கம்பெனி அவர் லேப்டாப்பில் டைம்கேம்ப் என்ற சாஃப்ட்வேரைப் போட்டிருந்தது. அவர் டைம்ஷீட்டில் எழுதியதில் 50 மணி நேரத்துக்கு மேல் வேலைக் கோப்புகளே திறக்கப்படவில்லை என்று அதை வைத்தே காட்டினார்கள். காகிதத்தில் அச்செடுத்து வேலை பார்த்தேன் என்றார் அவர். எந்தக் கோப்பு எப்போது அச்சானது என்பதையும் அந்த சாஃப்ட்வேர் பதிவு செய்திருந்தது. கடைசியில் அவர்தான் கம்பெனிக்கு 2,600 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது. அதனால் கூகிளில் நாலு வரி படித்துவிட்டு வழக்குப் போடுவேன் என்று மீட்டிங்கில் சொல்லிவிடாதீர்கள்.

மியூனிக் தமிழன்:

இதையெல்லாம் படித்தால் வேதனையாக இருக்கிறது. ஜெர்மனியில் ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் குழு உள்ள கம்பெனியாக இருந்தால், ஊழியரைக் கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பத்துக்கும் முதலில் அந்தக் குழு சம்மதிக்க வேண்டும். குறிப்பிட்ட சந்தேகம் எதுவும் இல்லாமல் கீபோர்டில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் சாஃப்ட்வேரைப் போட்டது செல்லாது, அந்தப் பதிவைச் சாட்சியாகவும் எடுத்துக்கொள்ள முடியாது என்று 2017-ல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊழியர்களின் நோய், குடும்பப் பிரச்சினை என்று எல்லாவற்றையும் குறித்து வைத்ததற்காக எச்&எம் நிறுவனத்துக்கு 2020-ல் 35.3 மில்லியன் யூரோ அபராதம் விதித்தார்கள். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை மேனேஜர் பார்த்தது பெரிய குற்றம். உடனே தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் கொடுங்கள்.

வான்கூவர் வாசி:

அண்ணா, அது ஐரோப்பா. கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு. பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, கியூபெக் மூன்றிலும் தனியார் கம்பெனி ஊழியர்களின் தகவலுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. வங்கி, தொலைபேசி, விமானம் போல மத்திய அரசின் கட்டுப்பாட்டில் வரும் துறைகளுக்கு மத்தியத் தனியுரிமைச் சட்டம் உண்டு. ஒன்டாரியோவின் மற்றத் தனியார் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. இவர் எந்த மாகாணம் என்றே இன்னும் சொல்லவில்லை.

லாரி ஓட்டி:

திரையைப் பார்ப்பதற்கே இப்படி என்றால் என் முகத்தைப் பார்க்கும் கேமராவை என்ன சொல்வது? மாகாணம் விட்டு மாகாணம் ஓட்டும் வண்டிகளில் எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்று பதிவு செய்யும் மின்னணுக் கருவி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அது பாதுகாப்புக்கு, ஒத்துக்கொள்கிறேன், தூக்கம் இல்லாமல் ஓட்டி யாரும் சாக வேண்டாம். ஆனால் கம்பெனி அதோடு நிற்காமல் உள்ளே பார்க்கும் கேமராவும் வைத்தது. கொட்டாவி விட்டால் சத்தம் போடும். படுத்துத் தூங்குவதும் அதே வண்டிக்குள்தான். ரோட்டோரம் நிறுத்திவிட்டு மனைவியோடு வீடியோவில் பேசும்போது அதன் மேல் துண்டைப் போடுவேன். மறுநாள் ஏன் மூடினாய் என்று கேள்வி வரும்.

மிசிசாகா மதுரை:

நம்ம ஊர் ஆட்கள் மேனேஜராக இருந்தால் இன்னும் மோசம். வெள்ளைக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல விடுவதை இவர்கள் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள்.

பருத்தித்துறை:

எல்லாரையும் அப்படிச் சொல்ல ஏலாது தம்பி. என்னைத் தூக்கி நிறுத்தியதும் எங்கள் ஆள் ஒருவர்தான். ஆனால் இந்த வாடகை விலையில் ஒரு மாதச் சம்பளம் பிந்தினாலே குடும்பம் தெருவுக்கு வரும். அந்தப் பயத்தை நிர்வாகங்கள் நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன.

டொராண்டோ டெவலப்பர்:

வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை முடியாது. ஒரு பெட்ரூமுக்குக் கொடுப்பதில் ஊரில் ஒரு வீட்டையே பராமரிக்கலாம். ஊருக்கே திரும்பிவிடலாம் என்றால் அங்கேயும் ஐடி கம்பெனிகளில் இதே சாஃப்ட்வேர்தான். இந்தியாவில் 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலை தொடர்பான தேவைக்கு ஊழியரின் சம்மதம் கேட்காமல் தகவலைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது.

பேரோல் அக்கா:

கோவைக்காரி, முதலில் ஒரு கேள்வி. இதை எந்தக் கருவியிலிருந்து எழுதுகிறீர்கள்? ஆபீஸ் லேப்டாப் என்றால் இந்தப் பக்கத்தை உடனே மூடிவிட்டு உங்கள் சொந்த போனிலிருந்து வாருங்கள்.

நான் ஒன்டாரியோவில் பல வருடமாகப் பேரோல், அதாவது ஊழியர்களின் சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். சம்பளப் பிடித்தம் என் அன்றாட வேலை. உங்களிடம் சில விவரம் வேண்டும். எந்த மாகாணம்? வேலையில் சேர்ந்து எவ்வளவு காலம்? கம்பெனியில் 25 பேருக்கு மேல் இருக்கிறார்களா? டி4 என்ற வருடாந்திரச் சம்பளச் சான்று வருகிற ஊழியரா, இன்வாய்ஸ் போடும் கான்ட்ராக்டரா? என்ன பெர்மிட்? லேப்டாப் அவர்களுடையதா? போனில் பேசும் வேலையா, திரையில் தட்டும் வேலையா? சேர்ந்தபோது கண்காணிப்புப் பற்றி ஏதாவது அனுப்பினார்களா? இதெல்லாம் தெரியாமல் இங்கே யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

கோவைக்காரி:

மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் ஒன்றும் எழுதவில்லை. இப்போது போனில் இருக்கிறேன். பிராம்டன், ஒன்டாரியோ. சேர்ந்து ஐந்து மாதம். அறுபது பேர் இருப்பார்கள். சம்பள ஸ்லிப் வருகிறது, வரி பிடிக்கிறார்கள், டி4 தருவோம் என்றார்கள். படிப்பு முடித்த பிறகு கிடைத்த மூன்று வருட ஓபன் ஒர்க் பெர்மிட். லேப்டாப் அவர்களுடையது. யூனியன் இல்லை. காப்பீட்டுக் கிளெய்ம் பற்றி வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலை. பேசும்போது நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன், பிறகுதான் சிஸ்டத்தில் ஏற்றுவேன். செவ்வாய்க்கிழமை 47 நிமிடம் ஐடில் என்று காட்டியிருக்கிறார்கள். அந்த நேரம் முழுக்க ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மனைவி இறந்து, எந்தப் படிவம் என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தார். என்னால் அவரைப் பாதியில் விட முடியவில்லை.

சேர்ந்த வாரத்தில் வந்த மெயிலைப் பார்த்தேன். நீளமான ஒரு பிடிஎஃப். அதில் 'சைபர் பாதுகாப்புக்காகக் கம்பெனிக் கருவிகள் கண்காணிக்கப்படலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட், ஐடில் நேரம், சம்பளம் பற்றி எதுவும் இல்லை.

பேரோல் அக்கா:

சரி, இப்போது பேசலாம்.

விசா பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். உங்களுடையது ஓபன் பெர்மிட். இந்த வேலை போனாலும் பெர்மிட் அதன் தேதி வரை செல்லும், வேறு யாரிடமும் வேலை பார்க்கலாம். ஒரே முதலாளியோடு கட்டிய பெர்மிட்டில் இருப்பவர்களுக்குத்தான் வேறு கணக்கு. அவர்கள் அடுத்த இடத்துக்குப் போவதற்கு முன் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது அந்தக் கடிதம். ஒன்டாரியோவின் வேலைத்தரச் சட்டப்படி முதலாளி உங்கள் சம்பளத்தில் கைவைக்க மூன்று வழிதான் உண்டு. வரிபோலச் சட்டமே பிடிக்கச் சொல்வது ஒன்று, நீதிமன்ற உத்தரவு ஒன்று. மூன்றாவது, எவ்வளவு அல்லது எந்தக் கணக்கில் என்று குறிப்பிட்டு நீங்கள் எழுதிக் கொடுக்கும் சம்மதம். முதல் இரண்டும் அவர்களிடம் இல்லை. மூன்றாவதைத்தான் நாளை மதியத்துக்குள் உங்களிடம் வாங்கப் பார்க்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அமைதியாக இருங்கள் என்ற யோசனையை இதனால்தான் நான் ஏற்கவில்லை. வேலை சரியில்லை என்ற காரணத்துக்காகச் சம்பளத்தைப் பிடிக்க, சம்மதம் கொடுத்திருந்தால்கூடச் சட்டம் விடாது. அந்த நேரத்தில் வேலையே நடக்கவில்லை, அதனால் சம்பளமே இல்லை என்று அவர்கள் வாதாடலாம். அதற்குப் பதில் உங்கள் அழைப்புப் பதிவில் இருக்கிறது. அவர்களுடைய போன் சிஸ்டமே 47 நிமிட அழைப்பைக் காட்டும்.

இனி கண்காணிப்பு. ஜனவரி 1 அன்று 25 அல்லது அதற்கு மேல் ஊழியர் இருந்தால், அந்த வருடம் மார்ச் 1-க்குள் மின்னணுக் கண்காணிப்புப் பற்றி எழுத்தில் ஒரு கொள்கை இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி இது. கண்காணிக்கிறார்களா, எப்படி, எந்தச் சூழ்நிலையில், கிடைக்கும் தகவல் எதற்குப் பயன்படலாம் என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு 30 நாளுக்குள் பிரதி கொடுக்க வேண்டும். வண்டியின் ஜிபிஎஸ், கடையில் காசாளர் எவ்வளவு வேகமாக ஸ்கேன் செய்கிறார் என்ற கணக்கு எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் இந்தச் சட்டத்தின் மேல் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். சொல்லிவிட்டுப் பார் என்கிறதே தவிர, பார்க்காதே என்று எங்கேயும் சொல்லவில்லை. பிரதி குறித்த நாளுக்குள் கைக்கு வராவிட்டால்தான் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் எடுபடும். கொள்கையில் எழுதாத காரணத்துக்குத் தகவலைப் பயன்படுத்தினாலும் இந்தச் சட்டம் தடுக்காது. எனக்கு இதில் கடும் வருத்தம் உண்டு. ஒருவர் தாயின் ஸ்கேன் ரிப்போர்ட்டை இரண்டு அந்நியர்கள் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், அதைத் தடுக்க ஒரு வரிகூட இல்லை.

மிசிசாகா மதுரை:

நான் முன்பு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் அக்கா, அந்தரங்கத்தில் தலையிட்டதாக வழக்குப் போட ஒன்டாரியோவில் வழி உண்டு என்று படித்திருக்கிறேனே?

பேரோல் அக்கா:

உண்டு. 2012-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. ஒரு வங்கி ஊழியர் இன்னொரு ஊழியரின் கணக்கை நான்கு வருடத்தில் 174 முறையாவது திறந்து பார்த்திருக்கிறார். 10,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. கம்பெனி லேப்டாப்பில், வேலை நேரத்தில், கண்காணிக்கலாம் என்று ஒரு வரியாவது எழுதிக் கொடுத்த இடத்தில் அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். அதே வருடம் உச்ச நீதிமன்றம், வேலைக்குக் கொடுத்த லேப்டாப்பிலும் ஊழியருக்குக் கொஞ்சம் அந்தரங்கம் உண்டு என்று சொன்னது. ஆனால் அது போலீஸ் சோதனை பற்றிய வழக்கு. நாளை மதியத்துக்கு இரண்டுமே உதவாது.

இன்று இரவு இதைச் செய்யுங்கள். மேனேஜருக்கும் எச்ஆருக்கும் ஒரே மெயில், மரியாதையாக, நாலைந்து வரியில். கடிதம் கிடைத்தது, படித்து ஆலோசனை கேட்க எனக்கு நேரம் வேண்டும், இப்போது கையெழுத்திட முடியாது. சம்பளப் பிடித்தத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. மின்னணுக் கண்காணிப்புக் கொள்கையின் முழுப் பிரதியை அனுப்புங்கள். ஐடில் என்று குறித்த நேரங்களின் பட்டியலும், அதே நேரத்துக்கான என் அழைப்புப் பதிவும் வேண்டும். இவ்வளவுதான். குற்றச்சாட்டு, கோபம், மன்னிப்பு எதுவும் வேண்டாம். அந்த மெயிலைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் உள்ள உரிமையைக் கேட்டதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால்தான் கேட்டது எழுத்தில் இருக்க வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். தேதி, நேரம் மட்டும் ஒரு தாளில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயர் உள்ள எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். இப்போது அவர்களிடம் இல்லாத ஒரு வலுவான காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும்.

கோவைக்காரி:

அக்கா, கண் கலங்குகிறது, நன்றி. அந்த மீட்டிங்கை நான் ரெக்கார்டு செய்யலாமா? கோபத்தில் ராஜினாமா செய்துவிடலாம் என்றும் தோன்றுகிறது.

பேரோல் அக்கா:

ராஜினாமா வேண்டவே வேண்டாம். சரியான காரணம் இல்லாமல் நீங்களாகப் போனால் வேலையின்மைக் காப்பீடு கிடைக்காது. அவர்கள் அனுப்பினால், மூன்று மாதம் தாண்டிவிட்டதால் ஒரு வார முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ சட்டப்படி வர வேண்டும். வேண்டுமென்றே செய்த தவறு என்று அவர்கள் நிரூபித்தால்தான் அது இல்லாமல் போகும். சம்பளத்தைப் பிடித்தே விட்டார்கள் என்றால் அமைச்சகத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

நீங்களே பேசும் உரையாடலை நீங்கள் பதிவு செய்வது கனடாவில் குற்றமல்ல. ஆனால் கம்பெனி விதியில் தடை இருக்கலாம். பதிவு செய்வதைவிட, மீட்டிங் முடிந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி அவர்களுக்கே மெயில் போடுங்கள், அது போதும். கேள்வி கேட்டால் 'எழுத்தில் பதில் தருகிறேன்' என்று சொல்லுங்கள். வக்கீலுக்குச் செலவு செய்ய முடியாது என்றால், வருமானம் குறைந்த நம் மக்களுக்கு டொராண்டோவில் தெற்காசியச் சட்ட உதவி மையம் இருக்கிறது. ஒன்டாரியோ வக்கீல் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் ஒரு வக்கீலோடு அரை மணி நேரம் வரை இலவசமாகப் பேசலாம். காலையில் முதல் வேலையாகக் கேளுங்கள்.

பருத்தித்துறை:

தங்கச்சி, மீட்டிங் முடிந்தபிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கோ. வீட்டில் யாருக்காவது இன்றைக்கே சொல்லுங்கோ, தனியே வைத்திருக்க வேண்டாம்.

கோவைக்காரி:

மெயில் அனுப்பிவிட்டேன். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். வாட்ஸ்அப்பை லேப்டாப்பில் இருந்து எடுக்க அதைத் திறக்க வேண்டுமா அக்கா?

பேரோல் அக்கா:

வேண்டாம், போனிலேயே முடியும். வாட்ஸ்அப் செட்டிங்கில் இணைத்த கருவிகள் என்ற இடத்துக்குப் போய் அந்த லேப்டாப்பை வெளியேற்றுங்கள். லேப்டாப்பில் இருக்கும் வேலைக் கோப்பு எதையும் அழிக்க வேண்டாம், அழித்தால் மறைத்தீர்கள் என்பார்கள். அதில் எப்போதாவது பாங்க், சொந்த மெயில், குடிவரவுக் கணக்கு திறந்திருந்தால் அவற்றின் பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள்.